பெங்களூருக்குப் போனால் கையில் என்ன மிஞ்சும்?

ஆஃபர் லெட்டர் வந்ததும் வீட்டில் எல்லோருடைய கண்ணும் ஒரே எண்ணில்தான் போய் நிற்கிறது. சென்னையில் கைக்கு வருவது 70,000. பெங்களூரில் 95,000. மாதம் 25,000 ரூபாய் கூடுதல், வருடத்துக்கு மூன்று லட்சம். ‘இதில் யோசிக்க என்ன இருக்கு மாப்ளே?’ என்பார் மாமனார். ‘அங்கே வீட்டு வாடகை எக்கச்சக்கமாமே’ என்று அம்மா இழுப்பார். அன்றைக்கு ராத்திரியே செல்போனில் இரண்டு ஊரின் பெயரையும் போட்டுத் தேடினால், சென்னையைவிட பெங்களூரில் செலவு இத்தனை சதவீதம் அதிகம் என்று ஒரு விடை வந்து விழும். சம்பள உயர்வில் அதைக் கழித்துவிட்டு, மிச்சம் லாபம் என்று நினைத்து வீட்டைக் காலி செய்கிறவர்கள் நிறையப் பேர்.

அந்த ஒற்றைச் சதவீதத்தை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். அது எந்தக் குடும்பத்தின் கணக்கும் இல்லை. காய்கறி, சினிமா டிக்கெட், ஜிம் கட்டணம், நடு ஊரில் ஒரு பெட்ரூம் வாடகை என்று எல்லாவற்றையும் போட்டுக் கலக்கி எடுத்த சராசரி. உங்கள் வீட்டில் ஜிம்முக்குப் போகிறவர் யாரும் இல்லாமல் இருக்கலாம். பள்ளிக்கூடம் விட்டு வரும் பேத்தியைச் சாயங்காலம் வரை பார்த்துக்கொள்ளும் பாட்டி இருக்கலாம். அந்தப் பாட்டி எந்தச் சராசரியிலும் வரமாட்டார்.

அரசுக் குறியீடு உதவுமே என்று சிலர் நினைக்கிறார்கள். தொழிலாளர் துறையின் லேபர் பீரோ, 2016ஐ அடிப்படை ஆண்டாக வைத்து, நாடு முழுவதும் 88 மையங்களில் விலைவாசியைக் கணக்கிட்டு மாதாமாதம் குறியீடு வெளியிடுகிறது. சென்னை, கோவை, மதுரை, பெங்களூரு எல்லாம் அதில் உண்டு. மத்திய அரசு ஊழியர்களின் அகவிலைப்படி இதை வைத்துத்தான் ஏறுகிறது. ஆனால் ஒவ்வொரு மையத்துக்கும் அதனதன் அடிப்படை ஆண்டு விலையே 100. எந்த ஊரில் விலை எவ்வளவு வேகமாக ஏறியது என்பதைத்தான் அது சொல்லும். ஒரு மையத்தின் எண் இன்னொன்றைவிடக் குறைவாக இருந்தால் அந்த ஊரில் வாழ்வது மலிவு என்று அர்த்தமாகாது. படித்தவர்களே இந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள்.

ஆகவே கணக்கை வீட்டிலேயே உட்கார்ந்து போட வேண்டியதுதான். சென்னை–பெங்களூரு என்ற ஜோடியை எடுத்துக்கொள்வோம். தமிழ்க் குடும்பங்கள் அதிகம் புழங்கும் பாதை. சுமார் 350 கிலோமீட்டர்தான் தூரம் என்பதால் ‘பக்கத்து ஊர்தானே’ என்ற நினைப்பில் கணக்கே போடாமல் கிளம்புகிறவர்களும் இந்தப் பாதையில்தான் அதிகம்.

மளிகையில் ஆரம்பிக்க வேண்டாம். அரிசி, பருப்பு, எண்ணெய் விலை இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பாலில் சின்ன வித்தியாசம் உண்டு. கர்நாடகத்தில் 2025 ஏப்ரலில் நந்தினி பால் லிட்டருக்கு 4 ரூபாய் ஏறியது. பெட்ரோலும் சற்று முன்னே பின்னே இருக்கும். இதையெல்லாம் கூட்டினாலும் மாதம் சில நூறு ரூபாய்தான் தேறும். ஆனால் ஊர் மாறப்போகிறவர்கள் முதலில் விசாரிப்பது இதைத்தான். ‘அங்கே தக்காளி கிலோ என்ன விலை?’ தக்காளி யார் சேமிப்பையும் கரைப்பதில்லை. அதைக் கரைப்பது வீடு.

அட்வான்ஸ் எனும் முடங்கிய பணம்

சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கும் வழக்கம் நீண்ட நாள் இருந்தது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி பேசிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. அந்த ‘வேறு மாதிரி’ என்ற சந்து வழியாக ஐந்து மாதம், ஆறு மாதம் என்று வாங்குகிறவர்கள் இன்னும் உண்டு. பெங்களூரிலும் பத்து மாதம்தான் பழைய வழக்கம். இப்போது ஐந்து, ஆறு மாதத்துக்கு இறங்கி வந்த வீடுகள் இருக்கின்றன. இறங்காத வீடுகளும் இருக்கின்றன.

பெங்களூரு வாடகை ஒப்பந்தம் ஒன்றைக் கையில் வாங்கினால், வாடகைத் தொகையைத் தாண்டி மூன்று வரிகளை நிறுத்திப் படியுங்கள். முதலாவது, 11 மாத காலம். ஒரு வருடத்துக்கு மேல் என்றால் பதிவு செய்தாக வேண்டும் என்பதால்தான் நாடு முழுக்க இந்த 11. பதினோரு மாதம் முடிந்ததும் வாடகை எத்தனை சதவீதம் ஏறும் என்பதும் அதே பத்தியில் இருக்கும். 5 என்றும் இருக்கும், 10 என்றும் இருக்கும். இரண்டாவது, காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வோம் என்ற வரி. நீங்கள் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்காமல் இருந்தாலும் இது போய்விடும். மூன்றாவது, மெயின்டெனன்ஸ் வாடகைக்குள்ளேயே சேர்ந்ததா, தனியா. தனி என்றால், அதில் தண்ணீருக்கு எவ்வளவு, டேங்கர் லாரி வரும் மாதத்தில் அதை யார் கொடுப்பது என்று கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.

இனி, ஒரு குடும்பத்தைக் கற்பனையாக வைத்துக் கணக்குப் போடுவோம். எண்கள் எல்லாம் எடுத்துக்காட்டுக்கு; உங்கள் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். கணவன், மனைவி, மூன்றாம் வகுப்புப் படிக்கும் பெண் குழந்தை. மேடவாக்கத்தில் 18,000 ரூபாய் வாடகை, மெயின்டெனன்ஸ் 1,500. கணவருக்குத்தான் அந்த 95,000 ரூபாய் வேலை. மனைவி தனியார் பள்ளியில் ஆசிரியை, சம்பளம் 22,000.

பெங்களூரில் மாரத்தஹள்ளி பக்கம் இரண்டு பெட்ரூம் வீடு 30,000 என்று வையுங்கள். வாடகையில் 12,000 கூடுதல். மெயின்டெனன்ஸ் 3,500, அதில் 2,000 கூடுதல். ஆக, 14,000 போயிற்று. ஆறு மாத அட்வான்ஸ் 1,80,000. மேடவாக்கத்தில் திரும்பிவரும் ஐந்து மாத அட்வான்ஸ் 90,000 போக, கையிலிருந்து இன்னொரு 90,000 போட வேண்டும். அந்தப் பணம் 7 சதவீத வட்டிக்கு வங்கியில் கிடந்திருந்தால் மாதம் 525 ரூபாய் தந்திருக்கும். நகையை வைத்தோ கடன் வாங்கியோ அட்வான்ஸ் கொடுத்தால் இது இன்னும் அதிகம்.

அந்த வீட்டில் இரண்டு வருடம் இருப்பார்கள் என்றால், பெயின்ட் வகையில் போகும் 30,000 ரூபாயை 24 மாதத்துக்குப் பிரித்தால் 1,250. புரோக்கர் கமிஷன் ஒரு மாத வாடகை, அதுவும் 1,250. சாமான் ஏற்றி இறக்க 40,000 என்றால் மாதம் 1,667. புதுப் பள்ளியில் சேர்க்கைக் கட்டணம் 60,000 என்றால் 2,500. மாதம் ஒருமுறை மூன்று பேரும் சென்னைக்கு வந்து போக, சராசரியாக 4,000. எல்லாவற்றையும் கூட்டுங்கள்: 25,192.

சம்பளம் ஏறியது 25,000. ஏறின மொத்தமும் இதிலேயே போய்விட்டது. மனைவி ராஜினாமா செய்துவிட்டு வந்த 22,000 ரூபாய் வேலையை இன்னும் கணக்கிலேயே எடுக்கவில்லை. பெங்களூரில் அவருக்கு வேலை கிடைக்க ஆறு மாதம் ஆனால், அந்த ஆறு மாத நஷ்டம் 1,32,000. வேலை கிடைத்தபின் குழந்தையைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ள டே-கேர் வேண்டும். மேடவாக்கத்தில் அந்த வேலையைக் காசு வாங்காமல் செய்தவர் பாட்டி. சம்பள உயர்வைப் பற்றிப் பேசும்போது மனைவியின் வேலையை ‘அங்கே போய்ப் பார்த்துக்கலாம்’ என்று ஒரே வாக்கியத்தில் ஒதுக்கிவிடும் வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பல குடும்பங்களில் இடமாற்றத்தின் மிகப் பெரிய செலவு அதுதான். அதைத் தன் வருமானத்தாலும் பணி அனுபவத்தாலும் கொடுக்கிறவர் ஒருவர். பதவி உயர்வும் வாழ்த்தும் போவது இன்னொருவருக்கு.

பெங்களூரு பக்கமும் வரவுகள் உண்டு, மறைக்க வேண்டாம். கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர். சென்னையில் ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை ராத்திரி முழுக்க ஓடும் ஏ.சி., அங்கே பல வீடுகளில் கிடையாது. தமிழ்நாட்டில் மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முதல் 100 யூனிட் இலவசம். வீடுகளுக்கான நிலைக்கட்டணத்தையும் 2022இல் எடுத்துவிட்டார்கள். ஆனால் 500 யூனிட்டைத் தாண்டினால் பில் எகிறும். ஏ.சி. உள்ள வீடு மே மாதத்தில் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய், 10 ரூபாய் என்று ஹவுஸ் ஓனரே வசூலிக்கும் வீட்டில் இருந்தால் அந்த 100 யூனிட் இலவசம் குடியிருப்பவரின் கைக்கு வருவதே இல்லை. கர்நாடகத்தில் மாதாமாதம் பில். 2023இல் வந்த கிருஹ ஜோதி திட்டத்தில் மாதம் 200 யூனிட் வரை இலவசம், வாடகைக்குக் குடியிருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் எத்தனை யூனிட் என்பதை முந்தைய பயன்பாட்டின் சராசரியை வைத்து முடிவு செய்கிறார்கள் என்பதால் எல்லோருக்கும் முழு 200 கிடைக்காது. 200ஐத் தாண்டிய மாதத்தில் முழு பில்லையும் கட்ட வேண்டும்.

தண்ணீரில் இரண்டு ஊருமே ஒன்றுக்கொன்று இளைத்ததில்லை. 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு, குடத்தோடு தெருவில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2024 மார்ச்சில் அதே நிலை பெங்களூருக்கு வந்தது. டேங்கர் விலை தாறுமாறாக ஏறியதால், 5 கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டருக்கு 600 ரூபாய், 12,000 லிட்டருக்கு 1,000 ரூபாய் என்று மாவட்ட நிர்வாகமே உச்சவரம்பு வைக்க வேண்டியதாயிற்று. அந்த ஊருக்குக் காவிரி, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேட்டுக்குப் பம்ப் செய்து வருகிறது. அந்த ஆண்டு அக்டோபரில் ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கியபின் புறநகரின் 110 கிராமப் பகுதிகளுக்கும் குழாய் போகிறது. ஆகவே வீடு பார்க்கும்போது ‘தண்ணீர் வருமா?’ என்று கேட்டால் போதாது. எல்லோரும் வரும் என்றுதான் சொல்வார்கள். ‘காவிரி கனெக்‌ஷன் இருக்கா, போர்வெல்லா, போன ஏப்ரலில் எத்தனை டேங்கர் இறக்கினீங்க?’ என்று கேளுங்கள். வாட்ச்மேனிடம் தனியாகக் கேட்டால் உண்மை தெரியும்.

எல்லையைத் தாண்டினால் விட்டுப்போவது

கோவையிலிருந்து சென்னைக்கு மாறுவதும் சென்னையிலிருந்து பெங்களூருக்கு மாறுவதும் ஒன்றல்ல. இரண்டாவதில் மாநிலம் மாறுகிறது. நாம் சலுகை என்றே உணராமல் அனுபவித்துவரும் பல விஷயங்கள் மாநிலத்தோடு கட்டப்பட்டவை.

ஒரு பேருந்தில் இது சட்டென்று தெரியும். சென்னையில் வெள்ளை போர்டு பஸ்ஸில் பெண்கள் டிக்கெட்டுக்குக் காசு கொடுத்து வருடங்கள் ஆகின்றன. 2021இலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் இலவசம், யாரும் முகவரி கேட்பதில்லை. கர்நாடகத்திலும் 2023 ஜூனிலிருந்து சக்தி திட்டத்தில் பெண்களுக்கு இலவசம். ஆனால் அது கர்நாடகத்தில் வசிக்கும் பெண்களுக்கு. கண்டக்டர் அடையாள அட்டை கேட்பார். ஆதாரில் மேடவாக்கம் முகவரி இருந்தால், பக்கத்து சீட் அம்மாவுக்குக் கிடைக்கும் பூஜ்ய ரூபாய் டிக்கெட் உங்களுக்குக் கிடையாது. காசு கொடுத்துத்தான் போக வேண்டும். 2025 ஜனவரியில் அங்கே பஸ் கட்டணமும் 15 சதவீதம் ஏறியது. அடுத்த மாதமே மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ஆனது. அப்போது சென்னை மெட்ரோவில் அது 50. வேலைக்குப் போகும் இருவர் உள்ள வீட்டில் இந்த வித்தியாசம் தக்காளியைவிடப் பெரிது.

ரேஷனில் அடி பலமாக விழுவது ஏழைகளுக்கு. பெங்களூரில் கட்டட வேலைக்கு வரும் தமிழர்களில் திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்கள் நிறையப் பேர். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் முன்னுரிமை அட்டைகளுக்குத்தான். மத்திய அரசின் தானியம் அதில் கிடைக்கும். தமிழ்நாடு தன் பணத்தில் தரும் மலிவு விலைத் துவரம்பருப்பும் பாமாயிலும் கிடைக்காது. 2023 செப்டம்பரில் ஆயிரம் ரூபாயில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை தமிழ்நாட்டு ரேஷன் அட்டையோடு இணைந்தது. அங்கே கிருஹலட்சுமியில் 2,000 ரூபாய் என்று அறிவித்தார்கள்; அதற்குக் கர்நாடக ரேஷன் அட்டை வேண்டும். கூலிக்கு வந்து ஷெட்டில் தங்கியிருக்கும் பெண், அந்த அட்டைக்கான முகவரிச் சான்றை யாரிடம் போய்க் கேட்பார்? இதையும் விட முடியாமல், அதையும் பெற முடியாமல் நடுவில் நிற்பவர்களைப் பற்றி இந்த இரண்டு அரசுகளும் உட்கார்ந்து பேச வேண்டும்.

பிள்ளைகளின் படிப்புக்கு வருவோம். அங்குள்ள பள்ளிகளில் கன்னடத்தை முதல் அல்லது இரண்டாம் மொழியாகப் படிப்பிக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு இது ஒரு கஷ்டமே இல்லை. இன்னொரு மொழி வருவது நல்லதும்கூட. ஏழாம் வகுப்பில் போய்ச் சேரும் பையனுக்கு டியூஷன் வைக்க வேண்டியிருக்கும். அதைவிடப் பெரியது பின்னால் வருகிறது. தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையில், எட்டிலிருந்து பன்னிரண்டு வரை இங்கேயே படித்தவர்களுக்கு இருப்பிடச் சான்று தேவையில்லை. வெளியே படித்தவர்கள் அதை வாங்கித் தந்தாக வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத ஒதுக்கீடு; அதே தகுதியுள்ள பெண்களுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம். நடுவில் இரண்டு வருடம் பெங்களூரில் படித்தால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும்.

பட்டியலினக் குடும்பங்கள் இன்னொன்றையும் தெரிந்துகொண்டு கிளம்ப வேண்டும். சாதிச் சான்றிதழின் இட ஒதுக்கீட்டு உரிமை பிறந்த மாநிலத்தோடு சேர்ந்தது. குடிபெயர்ந்த மாநிலத்தில் அதைக் கோர முடியாது என்று 1990இல் உச்ச நீதிமன்றம் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் தீர்ப்பளித்தது. பையன் பெங்களூரிலேயே கல்லூரி சேரும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. அப்போது கட்டும் பொதுப் பிரிவுக் கட்டணமும் இந்த இடமாற்றத்தின் செலவுதான்.

வண்டி வேறு இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவுப்படி, வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். சென்னை ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வாங்கி, கர்நாடகத்தின் ஆயுள் வரியைக் கட்டி, பிறகு தமிழ்நாட்டில் கட்டிய வரியில் மீதியைத் திருப்பிக் கேட்டு மனுப் போட வேண்டும். பழைய கார் என்றால் விற்றுவிட்டுப் போவதே நல்லது என்பது என் கருத்து. நான்கு மாநிலங்களிலோ அதற்கு மேலோ கிளை உள்ள கம்பெனியில் வேலை என்றால், அடுத்து வாங்கும் வண்டிக்கு, மாநிலம் மாறினாலும் மறுபதிவு தேவைப்படாத பி.எச். வரிசை எண் கிடைக்கும்.

வரியைப் பற்றி ஒரு வார்த்தை. மத்திய அரசு தன் ஊழியர்களுக்கு வீட்டு வாடகைப்படி தரும்போது சென்னையையும் பெங்களூரையும் ஒரே எக்ஸ் பிரிவில்தான் வைக்கிறது. 2024 ஜனவரியிலிருந்து இரண்டுக்கும் 30 சதவீதம். ஆனால் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் விதி, வாடகைப்படிக் கழிவுக்குச் சென்னையை 50 சதவீதத்திலும், அதைவிட வாடகை அதிகமான பெங்களூரை 40 சதவீதத்திலும் வைத்திருந்தது. எப்படியானாலும் புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அந்தக் கழிவே கிடையாது. வருடம் 12.75 லட்சம் வரை சம்பளம் வாங்குகிறவருக்குப் புதிய முறையில் வரியும் இல்லை என்பதால், நம் கற்பனைக் குடும்பத்துக்கு இதனால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

அப்படியானால் யார் போகலாம்? கல்யாணம் ஆகாத, பி.ஜி.யில் தங்கத் தயாரான இருபத்தைந்து வயதுக்காரர் யோசிக்கவே வேண்டாம். சாப்பாட்டோடு அறை, ஒன்றிரண்டு மாத அட்வான்ஸ், பள்ளிச் செலவு இல்லை. ஏறும் சம்பளத்தில் பெரும்பகுதி மிஞ்சும். இருவருக்கும் பெங்களூரில் வேலை உறுதியான தம்பதி போகலாம். அடுத்த வேலைக்கு இங்கே இல்லாத கதவுகள் அங்கே திறக்கும் துறைக்காரர்கள், ஒரு வருடம் கையில் மிஞ்சாவிட்டாலும் போகலாம். அந்தக் கணக்கு ஐந்து வருடத்துக்கானது. ஒருவர் சம்பளத்தில் ஓடும், நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் உள்ள, பெற்றோர் உடனிருக்கும் குடும்பத்துக்கு 30, 35 சதவீத உயர்வு போதாது என்றே சொல்வேன்.

நடுவில் ஒசூர் என்று ஒரு வழி இருக்கிறது. வேலை எலக்ட்ரானிக் சிட்டியிலோ பொம்மசந்திராவிலோ என்றால் அத்திபெலே எல்லையைத் தாண்டி தினமும் போய்வரும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில். ரேஷன் அட்டை, பிள்ளையின் பள்ளி, வண்டி எண், இ.பி. கணக்கு எல்லாம் தமிழ்நாட்டிலேயே இருக்கும். 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை மஞ்சள் தட மெட்ரோ வந்தபின் பெங்களூருக்குள் போவதும் முன்பைவிட எளிது. ஒசூர் வாடகையும் ஏறிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஆபீஸ் ஒயிட்ஃபீல்டிலோ ஹெப்பாலிலோ என்றால் ஒசூரை மறந்துவிடுங்கள். சில்க் போர்டு சந்திப்பில் போகும் நேரத்தை எந்த வாடகை மிச்சமும் ஈடு கட்டாது.

போவதென்று முடிவானால், ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்டு வாங்க வேண்டியவை சில உண்டு. அதற்குப் பிறகு கேட்டால் யாரும் தரமாட்டார்கள். சாமான் ஏற்றும் செலவும் முதல் இரண்டு வாரத் தங்குமிடமும் கம்பெனியுடையதா? வீட்டு அட்வான்ஸுக்கு வட்டியில்லாக் கடன் தருவார்களா? வாரத்தில் எத்தனை நாள் ஆபீஸ் வர வேண்டும்? இரண்டு நாள்தான் என்றால் குடும்பம் சென்னையிலேயே இருக்க, ஒருவர் மட்டும் பி.ஜி.யில் தங்குவது எவ்வளவோ மலிவு. கடைசியாக, இடமாற்றத் தொகை தருகிறோம் என்று சொல்லும் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். ஒரு வருடத்துக்குள் வேலையை விட்டால் அந்தத் தொகை முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை அங்கே இருக்கும். கம்பெனியே உங்களை வேலையை விட்டு எடுத்தாலும் அது பொருந்துமா என்று மெயிலில் கேட்டு, பதிலையும் மெயிலிலேயே வாங்கி வையுங்கள்.